ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, மனைவி நன்றாக இல்லை

கேள்வி:

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறோம். சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம். என் மனைவிக்கு 44 வயது. போன வருஷம் இடது மார்பில் கேன்சர் என்று தெரிந்து, மார்பை எடுத்துவிட்டார்கள். பிறகு கீமோ, ரேடியேஷன். எல்லாம் முடிந்து நாலு மாதம் ஆகிறது. இப்போது தினமும் டமாக்சிஃபென் 20 மில்லிகிராம் மாத்திரை மட்டும். ரிப்போர்ட் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் கீமோ நடந்தபோது தைரியமாக இருந்தவள், இரண்டு மாதமாக ஆளே மாறிவிட்டாள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். சமையல் பாதியில் நிற்கிறது. சீரியல்கூடப் பார்ப்பதில்லை. சொந்தக்காரர்கள் வந்தால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறாள். லேசாக முதுகு வலித்தாலும் "திரும்ப வந்துடுச்சு" என்று நடுங்குகிறாள். கால் எரிச்சலுக்கு ட்ராமடால் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தூக்கத்துக்கு நானே மெடிக்கலில் கேட்டு அல்ப்ராசோலம் வாங்கி, மூன்று வாரமாக ராத்திரி கொடுக்கிறேன். மனநல டாக்டரிடம் போகலாமா என்றால், "அந்த மாத்திரையை ஆரம்பிச்சா நிறுத்த முடியாது, கேன்சர் மருந்தோட சேராது" என்று மாமியார் தடுக்கிறார். எங்களுக்குக் கன்னடம் சுமார்தான்; ஆஸ்பத்திரியில் ஒன்பதாவது படிக்கும் மகள்தான் பேசுவாள். போன வாரம் என் மனைவி, "நான் இல்லாம இருந்தா உங்க எல்லாருக்கும் நிம்மதி" என்றாள். இதெல்லாம் கேன்சர் வந்தவர்களுக்கு வரும் சாதாரணக் கவலைதானா? தானாகச் சரியாகுமா?

பதில்:

உங்கள் கடிதத்தில் மனைவி சொன்னதாக எழுதியிருக்கும் வார்த்தையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் கொஞ்சம் பொறுக்கும். இது பொறுக்காது.

இன்றைக்கே அவரிடம் நேராகக் கேளுங்கள். மகள் டியூஷனுக்குப் போயிருக்கும் நேரமோ, தூங்கிய பிறகோ, நீங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது. "போன வாரம் நான் இல்லாம இருந்தா நிம்மதின்னு சொன்னியே, செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று இதே சொற்களில் கேட்கலாம். ஆமாம் என்று தலையாட்டினால், "எப்படின்னு ஏதாவது யோசிச்சு வச்சிருக்கியா?" என்பது அடுத்த கேள்வி. இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று வீட்டில் உள்ளவர்கள் பயப்படுவது வழக்கம். அப்படி நடப்பதில்லை, ஆய்வுகள் இதைப் பலமுறை பார்த்துவிட்டன. அவர் பதில் சொன்னதும் "சீ, அப்படியெல்லாம் பேசாதே" என்று சத்தியம் வாங்கிவிடாதீர்கள். அதோடு அவர் பேசுவதை நிறுத்திவிடுவார், எண்ணம் மட்டும் உள்ளேயே இருக்கும்.

"சாமி கூப்பிட்டுக்கிட்டா போதும்" என்ற அளவில் பதில் வந்தால், இந்த வாரத்துக்குள் மனநல மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். வழி யோசித்து வைத்திருந்தாலோ, மாத்திரை சேர்த்து வைத்திருந்தாலோ, நகை, பாஸ்புக் என்று ஒவ்வொன்றாக உங்களிடம் ஒப்படைக்கத் தொடங்கியிருந்தாலோ, அன்றைக்கே கிளம்ப வேண்டும். அதுவரை ஒரு நிமிஷம்கூடத் தனியே விடாதீர்கள். ஓசூர் ரோட்டில் கித்வாய் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கும் நிம்ஹான்ஸில் மனநல அவசரப் பிரிவு இரவு பகல் திறந்திருக்கிறது. கிளம்புவதற்குள் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி-மானஸ் என்ற அரசு உதவி எண் அது. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

வீட்டில் இருக்கும் மாத்திரைகள் அத்தனையையும் இன்றே பூட்டி வைத்து, அந்தந்த வேளைக்கு உரியதை மட்டும் உங்கள் கையால் கொடுங்கள். எலி பேஸ்ட், பாத்ரூம் கழுவும் ஆசிட் இருந்தால் வீட்டைவிட்டே வெளியேற்றுங்கள். மாத்திரைகளில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது அல்ப்ராசோலமும் ட்ராமடாலும் ஒன்றாகப் போவதுதான். இரண்டுமே மூளையை மந்தப்படுத்துபவை. அளவு கூடினால் மூச்சின் வேகத்தையும் குறைத்துவிடும். ட்ராமடால் எழுதிய டாக்டருக்கு இந்த அல்ப்ராசோலம் விஷயம் தெரியாது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து அது. நல்லெண்ணத்தில்தான் வாங்கினீர்கள், புரிகிறது. ஆனால் இனி ஒரு மாத்திரைகூடக் கூட்டாதீர்கள். மூன்று வாரம் தொடர்ந்து போட்டதைச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். தூக்கம் முன்பைவிடக் கெட்டு, பதற்றமும் ஏறும். கேன்சர் டாக்டரின் ஓ.பி.க்கு நாளையே போன் செய்து இரண்டு மாத்திரைகளின் பெயரையும் அளவையும் சொல்லுங்கள். எப்படிக் குறைப்பது என்று அவர்கள் சொல்வார்கள். தட்டி எழுப்பினாலும் எழாத தூக்கமோ, விட்டுவிட்டு வரும் மூச்சோ தெரிந்தால் போனெல்லாம் வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்கு.

இனி உங்கள் கேள்வி. நேரில் பார்க்காமல் எந்த நோயையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் விவரித்திருப்பது சாதாரணக் கவலையாகத் தெரியவில்லை. மனச்சோர்வு நோயும் பதற்றமும் சேர்ந்து வந்திருப்பது போலத்தான் இருக்கிறது. கேன்சர் வந்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு மனச்சோர்வு நோயும், பத்தில் ஒருவருக்குப் பதற்ற நோயும் வருகின்றன. பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை என்பதையும் இந்தக் கணக்கிலேயே பாருங்கள். "கேன்சர் வந்தா மனசு இப்படித்தான் இருக்கும்" என்று வீட்டிலும் சொல்கிறார்கள், சில ஆஸ்பத்திரிகளிலும் சொல்கிறார்கள். சிகிச்சை கிடைத்திருக்க வேண்டியவர்கள் மாதக்கணக்கில் கிடைக்காமல் கிடப்பதற்கு இந்த வாக்கியமும் ஒரு முக்கியக் காரணம். மனச்சோர்வு, கேன்சரோடு சேர்ந்து வந்த இன்னொரு நோய். கீமோ நேரத்தில் காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரிடம் சொன்னீர்கள் அல்லவா, இதையும் அதே வேகத்தில் சொல்ல வேண்டும்.

துக்கத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டில் இருப்பவர்களே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். துக்கம் வந்து போகும். அழுகைக்கு நடுவில் பிள்ளை ஏதாவது சொன்னால் சிரிப்பு வரும், தீபாவளிக்கு என்ன செய்யலாம் என்று பேச்சு வரும். மனச்சோர்வில் நாளின் பெரும்பகுதி, கிட்டத்தட்ட எல்லா நாளும், இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே இருட்டாக இருக்கும். எதிலும் பிடிப்பு இருக்காது. நான் பாரம், என்னால்தான் எல்லாம் என்ற எண்ணம் மேலோங்கும். கேன்சர் சிகிச்சைக்குப் பின் வரும் உடல் அசதியோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அசதி உள்ளவர் கோயிலுக்குப் போக ஆசைப்படுவார், உடம்பு ஒத்துழைக்காது. மனச்சோர்வு உள்ளவருக்கு அந்த ஆசையே எழாது. உங்கள் மனைவி சீரியலைக்கூட விட்டுவிட்டார் என்பதை அதனால்தான் முக்கியமான தகவலாக எடுத்துக்கொள்கிறேன். சீரியல் பார்க்க உடல் தெம்பு எதுவும் தேவையில்லை.

பசியின்மை, எடை குறைவு, களைப்பு, தூக்கக்கேடு ஆகியவை கேன்சராலும் வரும், மருந்தாலும் வரும். அவற்றை மட்டும் வைத்து மனச்சோர்வு என்று முடிவு செய்ய முடியாது. அதனால் அனுபவமுள்ள மருத்துவர், ஆர்வம் போனதா, குற்ற உணர்வு இருக்கிறதா, எதிர்காலம் மூடிவிட்டது போல் தோன்றுகிறதா, சாவைப் பற்றிய எண்ணம் வருகிறதா என்ற பக்கமே அதிகம் தோண்டுவார். பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் பல இடங்களில் கொடுப்பார்கள், தமிழிலும் உண்டு. கடந்த இரண்டு வாரத்தை வைத்து ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 10-ஐத் தொட்டால் விரிவான பரிசோதனை தேவை. ஒன்பதாவது கேள்வி சாவு எண்ணத்தைப் பற்றியது. மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், அதில் 0 தவிர வேறு எண் விழுந்தால் அதைத் தனியாகப் பேசியாக வேண்டும்.

கீமோ முழுக்கத் தாங்கியவர் இப்போது ஏன் இப்படி என்று உங்களுக்குக் குழப்பமாக இருக்கும். இது அடிக்கடி நடப்பதுதான். சிகிச்சை நடக்கும்போது அடுத்த ஊசி எப்போது, ரத்தத்தில் அணுக்கள் ஏறினவா என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலை இருந்தது. வாராவாரம் நர்ஸ் பார்த்தார், டாக்டர் பார்த்தார். முடிந்தவுடன் அந்தப் பிடிமானம் எல்லாம் ஒரே நாளில் போய்விடும். வீட்டிலும், சரியாகிவிட்டதே, பழையபடி இரு என்ற எதிர்பார்ப்பு வந்துவிடும். அத்தனை மாதம் தள்ளி வைத்த பயமெல்லாம் அப்போதுதான் வந்து உட்காரும். அவருக்கு இதோடு உடம்புக் காரணமும் சேர்ந்திருக்கலாம். இந்த வயதில் கீமோ மாதவிடாயை நிறுத்திவிடுவது உண்டு. டமாக்சிஃபெனும் சேரும்போது திடீர் உடல் சூடும் ராத்திரி வியர்வையும் வரும். மூன்று மணிக்கு அவரை எழுப்புவது எண்ணமா, வியர்வையா என்று கேட்டுப் பாருங்கள். ஜாக்கெட் நனைந்து எழுகிறார் என்றால் அது மருத்துவருக்குப் பெரிய துப்பு. மருந்தைத் தேர்ந்தெடுப்பதையே மாற்றும்.

மனநல மாத்திரைக்கு முன் சில ரத்தப் பரிசோதனைகளைப் பார்ப்பது நல்லது. ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., பி12, சோடியம், கால்சியம், சர்க்கரை. கழுத்தடி வரை ரேடியேஷன் கொடுத்திருந்தால் தைராய்டு மந்தமாகலாம். அது அப்படியே மனச்சோர்வு மாதிரி காட்டும். கால்சியம் ஏறினாலும் சோடியம் இறங்கினாலும் ஆள் மந்தமாகிவிடுவார். வலியையும் இந்த வரிசையில் சேருங்கள். வலி அடங்காத உடம்பில் மனச்சோர்வு மருந்து பாதிதான் வேலை செய்யும்.

கீமோ நடந்துகொண்டிருக்கும்போதே இதைப் படிப்பவர்களுக்கு இரண்டு விஷயம். கீமோவோடு கொடுக்கும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு இரண்டு மூன்று நாள் தூக்கத்தைக் கெடுத்து எரிச்சலை ஏற்றும். நிறுத்தியதும் மனம் சோர்ந்துபோகலாம். வீட்டில் போடும் அளவை மதியத்துக்கு முன்பே முடிக்கும்படி மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அடுத்தது, நேற்று வரை தெளிவாகப் பேசியவர் ஓரிரு நாளில் மந்தமாகி, இடம் நேரம் தெரியாமல், பேச்சுக் குழறிப் படுத்துவிட்டால் அதை மனச்சோர்வு என்று விட்டுவிடாதீர்கள். கிருமித் தொற்றோ, உப்புச் சத்துக் குறைவோ, மருந்தோ மூளையைப் பாதித்திருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

உங்கள் மாமியார் சொல்வதில் ஒரு பாதி உண்மை. எல்லா மனச்சோர்வு மருந்தும் டமாக்சிஃபெனோடு சேராது. டமாக்சிஃபென் வயிற்றுக்குள் போனபின் கல்லீரலில்தான் எண்டாக்சிஃபென் என்ற வலுவான வடிவமாக மாறுகிறது. அதை மாற்றித் தருவது சி.ஒய்.பி.2டி6 என்ற நொதி. பராக்ஸெடின், ஃப்ளூவாக்ஸெடின், பூப்ரோப்பியான் ஆகிய மூன்றும் அந்த நொதியை நன்றாகவே முடக்கும். ரத்தத்தில் எண்டாக்சிஃபென் அளவு இறங்கிவிடும். அதனால் கேன்சர் திரும்பும் வாய்ப்பு கூடுகிறதா என்பதில் ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. ஆனால் அந்த நொதியை அதிகம் தொடாத மருந்துகள் கையில் இருக்கும்போது இவற்றைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. வென்லாஃபாக்ஸின், டெஸ்வென்லாஃபாக்ஸின், எஸ்சிடலோப்ராம், மிர்டாஸபின் ஆகியவை அப்படிப்பட்டவை. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: சேராதது எது, சேர்வது எது என்று தெரிந்துதான் மருத்துவர் எழுதுவார்.

இவற்றில் உங்கள் மனைவிக்கு எது என்பதை அவரைப் பார்க்கும் மனநல மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். எப்படி யோசிப்பார்கள் என்று மட்டும் சொல்கிறேன். உடல் சூடும் ராத்திரி வியர்வையும் இருந்தால் வென்லாஃபாக்ஸின் பக்கம் போவார்கள். மனச்சோர்வோடு அந்தச் சூட்டையும் குறைக்கும். 37.5 மில்லிகிராமில் தொடங்கி 75-க்கு ஏற்றுவது வழக்கம், இடையில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். பசியும் தூக்கமும் சேர்ந்து போனவருக்கு மிர்டாஸபின் 7.5 அல்லது 15 மில்லிகிராம் ராத்திரியில் பொருந்தும். எடை கூடும் என்பதை முன்பே சொல்லிவிடுவார்கள். பதற்றம் மேலோங்கி இருந்தால் எஸ்சிடலோப்ராம். இது இதயத் துடிப்பில் க்யூ.டி. என்ற மின் இடைவெளியைக் கொஞ்சம் நீட்டும். வாந்தியை நிறுத்தும் ஆன்டான்செட்ரானும் அதையே செய்வதால், இரண்டும் சேரும்போது ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுவது நல்லது.

ட்ராமடால் இங்கே மறுபடி வருகிறது. மேலே சொன்ன மருந்துகளோடு அது சேரும்போது செரடோனின் என்ற ரசாயனம் அளவுக்கு மீறி ஏறலாம். நடுக்கம், அதிக வியர்வை, தசை துடிப்பு, பரபரப்பு, காய்ச்சல் என்று அது வெளிப்படும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் ஆபத்து. ஆகவே கால் எரிச்சலுக்கு வேறு வழி உண்டா என்று கேன்சர் டாக்டரிடம் கேட்க வேண்டும். கீமோவால் நரம்பு பாதித்து வரும் வலிக்கு டுலாக்ஸெடின் நன்றாக உதவும்; அதுவே மனச்சோர்வு மருந்தும்கூட. ஆனால் முன்பு சொன்ன நொதியை அது நடுத்தரமாகத் தடுக்கும் என்பதால் டமாக்சிஃபெனில் இருப்பவருக்கு யோசித்துத்தான் எழுதுவார்கள். அசுவகந்தா சூரணமோ வேறு நாட்டு மருந்தோ கொடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காதீர்கள். அசுவகந்தாவால் கல்லீரல் பாதிப்பும் தைராய்டு ஏற்றமும் வந்தது பதிவாகியிருக்கிறது.

மனநல மருத்துவரிடம் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ரத்த ரிப்போர்ட், வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளும் ஒரே பையில் இருக்கட்டும். டமாக்சிஃபென் என்ற பெயரை முதல் நிமிஷத்திலேயே சொல்லுங்கள். அவருக்கு முன்பு, முக்கியமாகப் பிரசவத்துக்குப் பின், இப்படி ஆனதுண்டா, குடும்பத்தில் யாராவது தற்கொலை செய்துகொண்டதுண்டா, எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு பல நாள் இருந்ததுண்டா என்று யோசித்து வையுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் ஆமாம் என்றால் சிகிச்சையே வேறு; தனியாக மனச்சோர்வு மருந்து கொடுத்தால் அந்த உச்சம் திரும்பி வரலாம்.

ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்ற பயம், உண்மையில் உங்கள் கையில் இருக்கும் அல்ப்ராசோலத்துக்குத்தான் பொருந்தும். தொடர்ந்து போட்டால் சில வாரங்களிலேயே பழகிவிடக்கூடியது அந்த வகை மாத்திரை. மனச்சோர்வு மருந்துக்கு ஏங்கும் பழக்கம் உண்டாவதில்லை. முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டல், தலைவலி, கொஞ்சம் படபடப்பு இருக்கும். சாப்பிட்ட பின் போட்டால் குமட்டல் குறையும். பலன் தெரியத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம், முழுப் பலனுக்கு ஆறு முதல் எட்டு வாரம். பலர் பத்தாவது நாள், "ஒண்ணும் பிரயோஜனம் இல்லை" என்று விட்டுவிடுவார்கள். பக்க விளைவு மட்டும் தெரிந்து பலன் தெரியாத நாட்கள் அவை. அந்த நாட்களைத் தாண்ட நீங்கள் கூட இருக்க வேண்டும். நன்றாகிய பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர்ந்துவிட்டு, மருத்துவர் சொல்லும்படி சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். திடீரென்று விட்டால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும், வென்லாஃபாக்ஸினில் அதிகம். ஜன் ஔஷதி கடைகளில் இந்த வகை மருந்துகள் பல குறைந்த விலையில் கிடைக்கின்றன.

மருந்து மட்டும் போதாது. ஸ்காட்லாந்தில் நடந்து 2014-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, கேன்சரோடு மனச்சோர்வும் உள்ள 500 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்தது. ஒரு பிரிவினருக்குப் பயிற்சி பெற்ற கேன்சர் நர்ஸும் மனநல மருத்துவரும் சேர்ந்து, பேச்சு, சின்னச் சின்ன வேலைத் திட்டம், மருந்து, விடாத தொடர்கவனிப்பு என்று கொடுத்தார்கள். மறு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. 24 வாரத்தில், மனச்சோர்வு பாதியாவது குறைந்தவர்கள் முதல் பிரிவில் 62 சதவீதம், மறு பிரிவில் 17 சதவீதம். அந்த அளவு ஏற்பாடு நம் ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றிலும் இல்லை. ஆனால் அதன் உள்ளே இருந்த பல வேலைகளை வீட்டில் செய்யலாம்.

அதில் முக்கியமானது, மனசு சரியானதும் செய்யலாம் என்று காத்திருக்காமல், செய்வதைக் கொண்டு மனசை இழுப்பது. ஒரு நோட்டில் நாளைக்கு இரண்டே வேலை, அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மணி குறித்து எழுதுங்கள். காலை ஏழரைக்கு வாசலில் கோலம். மாலை ஐந்தரைக்குப் பத்து நிமிஷ நடை. தோன்றினால் செய்வது என்று இருக்கக் கூடாது, மணி ஆனால் செய்வது. செய்வதற்கு முன்னும் பின்னும் மனநிலைக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண் போடட்டும். 2 இருந்தது 3 ஆனாலும் அது எழுத்தில் இருக்கும். மனச்சோர்வில் நல்லது எதுவும் நினைவில் நிற்காது என்பதால்தான் எழுதச் சொல்கிறோம். முழுச் சமையலை மறுபடி அவர் தலையில் வைத்துவிடாதீர்கள். பாதியில் நின்ற சமையல் தினமும் அவருக்குத் தோல்வியாகவே தெரியும். ஒரு ரசம் மட்டும் என்றால் முடிப்பார். நடையை மெல்லக் கூட்டி வாரத்தில் மூன்று நாள், 30 நிமிஷம் என்று கொண்டுவந்தால், மூன்று மாதத்தில் மனச்சோர்வு, பதற்றம், அசதி மூன்றும் குறைவதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.

தூக்கத்துக்கு: படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தை ஒரே மாதிரி வைத்துக்கொள்வது பலன் தரும். மதியத்துக்குப் பின் காபி, டீ வேண்டாம். மூன்று மணிக்கு விழித்து இருபது நிமிஷத்தில் தூக்கம் வரவில்லையென்றால் படுக்கையைவிட்டு எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காரட்டும், செல்போன் இல்லாமல்.

முதுகுவலி பயத்தை "எல்லாம் மனசு" என்று ஒதுக்கிவிடாதீர்கள். மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவக்கூடியது என்பது அவருக்கும் தெரியும். "ஒண்ணுமில்லை" என்று நூறு முறை சொல்வதைவிட, இருவரும் ஒப்புக்கொண்ட விதி ஒன்று அதிகம் உதவும். புதிதாக வந்த வலி இரண்டு வாரத்துக்கு மேல் நின்றாலோ, படுத்தால் ராத்திரியில் கூடினாலோ, கேன்சர் டாக்டரிடம் காட்டுவது. முதுகுவலியோடு கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ அன்றே ஓடுவது. மற்ற வலிகளைத் தேதி போட்டு நோட்டில் எழுதிவைத்து, அடுத்த பரிசோதனையில் கேட்பது. பதற்றம் ஏறும்போது மூச்சை நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடும் பயிற்சி உதவும். நிம்மதியாக இருக்கும் நேரத்தில் தினம் இருமுறை ஐந்து நிமிஷம் பழகியிருந்தால்தான் நடுக்கத்தின்போது கைகொடுக்கும்.

கடிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்கிறேன். மார்பை எடுத்த பிறகு அவர் கண்ணாடி பார்க்கிறாரா? உங்கள் முன் உடை மாற்றுகிறாரா? சொந்தக்காரர்கள் வந்தால் உள்ளே போய்விடுவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். வருபவர்களின் பார்வை முதலில் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும். ஜாக்கெட்டுக்குள் வைக்கும் செயற்கை மார்பு பஞ்சிலும் உண்டு, சிலிக்கானிலும் உண்டு. மார்பகப் பிரிவு நர்ஸிடம் கேட்டால் அளவு சொல்வார். அதைவிட முக்கியம், தழும்பைப் பார்க்க நீங்கள் தயங்கவில்லை என்பது அவருக்குத் தெரிவது. இது சொல்லித் தெரியாது, தொட்டுத்தான் தெரியும். இதையெல்லாம் உறவினர் கூட்டத்தில் பேச முடியாது. வருபவர்களை நீங்களே கொஞ்ச நாள் வாசலில் நிறுத்தி, "இன்னைக்கு அவ படுத்திருக்கா, அப்புறம் வாங்க" என்று சொல்லி அனுப்பலாம். "தைரியமா இரு", "எங்க பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இதேதான், இப்ப ஜம்முனு இருக்காங்க" என்ற பேச்சுகளால் அவருக்குத் தன் பயத்தைச் சொல்ல இடமில்லாமல் போகிறது. "ராத்திரி முழிச்சா என்ன நினைப்பு ஓடுது?" என்று கேட்டுவிட்டு, நீங்கள் பேசாமல் இருங்கள். மௌனம் நீண்டாலும் குறுக்கே பேசாதீர்கள்.

மகளை மொழிபெயர்க்க விடுவது இன்றோடு நிற்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் வாயால், "சாகணும் போல இருக்கு" என்று எந்தத் தாயும் டாக்டரிடம் சொல்ல மாட்டார். நீங்கள் மொழிபெயர்த்தாலும் உங்களைப் பற்றிய வருத்தத்தை அவரால் சொல்ல முடியாது. பெங்களூர் ஆஸ்பத்திரிகளில் தமிழ் பேசும் நர்ஸோ, டாக்டரோ, சமூகப் பணியாளரோ தேடினால் கிடைப்பார்கள். பதிவு செய்யும்போதே கேளுங்கள். கிடைக்காவிட்டால், அவரையே தமிழில் ஒரு தாளில் எழுதச் சொல்லி மடித்துக் கொண்டுபோங்கள். பத்து நிமிஷமாவது அவர் மட்டும் டாக்டரோடு இருக்கட்டும். மகளிடம், "அம்மாவுக்கு மனச்சோர்வு வந்திருக்கு, அதுக்கு மருந்து இருக்கு, நீ எதுவும் தப்பு பண்ணலை" என்ற அளவுக்குச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் சொல்லாததையும் கண்டுபிடித்துவிடுவார்கள், காரணத்தை மட்டும் தப்பாக யூகிப்பார்கள். உங்களுக்கும் தூக்கமும் பசியும் போயிருந்தால் அதே ஒன்பது கேள்விப் படிவத்தை நீங்களும் நிரப்புங்கள். கவனித்துக்கொள்பவருக்கும் இந்த நோய் வரும்.

கேன்சர் டாக்டர், "இதெல்லாம் சகஜம், போகப் போகச் சரியாகும்" என்று சொல்லிவிட்டால் விவாதம் வேண்டாம். "இரண்டு மாதமாக இப்படி இருக்கிறார், சாவைப் பற்றிப் பேசினார், மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுங்கள்" என்று இந்த மூன்றையும் சொன்னால் மறுக்க மாட்டார். டமாக்சிஃபென் அட்டையில் எத்தனை மாத்திரை மீதி இருக்கிறது என்றும் எண்ணிப் பாருங்கள். மனச்சோர்வில் இருப்பவர்கள் சொல்லாமலே மருந்தை விட்டுவிடுவதுண்டு. ஐந்து முதல் பத்து வருஷம் வரை போட வேண்டிய மாத்திரை அது. மனநல சிகிச்சை தொடங்கிய இரண்டாம் வாரம் பக்க விளைவுக்காக ஒரு முறையும், ஆறாம் வாரம் பலனைப் பார்க்க ஒரு முறையும் கட்டாயம் போக வேண்டும். ஆறாம் வாரத்தில் படிவத்தின் எண் தொடங்கிய அளவில் பாதிக்கு வராமல் இருந்தால், அளவைக் கூட்டுவதா, மருந்தை மாற்றுவதா, ஆலோசனை சிகிச்சை சேர்ப்பதா என்று அன்றைக்கே கேட்டு முடிவெடுங்கள். அதே சீட்டை இன்னொரு மாதத்துக்கு எழுதி வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள்.